வேர்டு அட்டவணை ஏன் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை?

வேர்டில் அட்டவணை போடச் சில விநாடிகள் போதும். 'இன்சர்ட்' தாவலில் 'டேபிள்' பட்டனை அழுத்தி, விரியும் சிறு சதுரங்களில் குறுக்கே நான்கு, கீழே ஆறு என்று மவுஸை இழுத்துச் சொடுக்கினால் முடிந்தது. தொல்லை அதற்குப் பிறகுதான் தொடங்கும். ஒரு நெடுவரிசையைக் குறுக்கினால் பக்கத்தில் இருப்பது வீங்கும். எழுத்து கட்டத்தின் நடுவில் நிற்காது. இரண்டாம் பக்கத்தில் தலைப்பு இருக்காது. எல்லாம் முடிந்து அச்சடித்தால், கடைசியில் யாரும் கேட்காத ஒரு வெற்றுத்தாள் வரும்.

தனித்தனிக் கோளாறுகள் போலத் தெரிந்தாலும் இவற்றில் பலவற்றுக்கு மூலம் ஒன்றே. மாற்ற வேண்டிய அமைப்பு ஓரிடத்தில் இருக்கும், நாம் வேறிடத்தில் போராடிக்கொண்டிருப்போம். மொத்த அகலமும், பக்கத்தில் எங்கே உட்கார வேண்டும் என்பதும் அட்டவணைக்கு உரியவை. உயரமும், பக்கம் தாண்டும்போது இரண்டாக உடையலாமா என்பதும் வரிசைக்கு உரியவை. அகலம் நெடுவரிசைக்கு. எழுத்துக்கும் கோட்டுக்கும் இடையே விடும் ஓரமும், எழுத்து மேலே நிற்பதா நடுவிலா கீழா என்பதும் கட்டத்துக்கு. இத்தனைக்கும் உள்ளே, கட்டத்தில் இருக்கும் ஒவ்வொரு பத்தியும் தனக்கென்று வரி இடைவெளி, முன்பின் இடைவெளி, இடது வலது ஒழுங்கு எல்லாவற்றையும் வைத்துக்கொண்டிருக்கும். எது யாருடையது என்று பிடிபட்டுவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

அட்டவணைக்குள் வலது சொடுக்கில் வரும் 'டேபிள் ப்ராப்பர்ட்டீஸ்' பெட்டியைத் திறந்து பாருங்கள். 'டேபிள்', 'ரோ', 'காலம்', 'செல்' என்று தாவல்கள் இதே பிரிவின்படிதான் அடுக்கப்பட்டிருக்கும். பத்தியின் அமைப்புகள் மட்டும் அங்கே கிடையாது. அவை வழக்கமான 'பாராகிராஃப்' பெட்டியில் இருக்கின்றன. பலரும் வழி தவறுவது இந்த இடத்தில்தான்.

கட்டத்துக்குள் என்ன இருக்கிறது

கன்ட்ரோல், ஷிஃப்ட், 8 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். அச்சில் வராத மறைகுறிகள் திரையில் தெரியும். ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும், நான்கு மூலைகளிலும் சிறு கோடு நீட்டிய ஒரு வட்டம் இருக்கும். கட்டத்தின் எல்லைக்குறி அது. வரிசையின் வலது ஓரத்துக்கு வெளியேயும் அதே குறி ஒன்று நிற்கும், அது வரிசை முடிந்தது என்பதற்கு. கட்டத்துக்குள் வீணாக ஒரு என்டர் தட்டியிருந்தால் அதன் பத்திக்குறியும் இப்போது அம்பலமாகிவிடும். ஒரு வரிசை மட்டும் காரணமில்லாமல் உயரமாக இருந்தால் முதலில் தேட வேண்டியது இந்த வெற்றுப் பத்தியைத்தான்.

கட்டம் விட்டுக் கட்டம் போக டேப் விசை, திரும்பி வர ஷிஃப்டும் டேபும். கடைசிக் கட்டத்தில் டேப் அடித்தால் புதிய வரிசை ஒன்று முளைக்கும். கட்டத்துக்குள்ளேயே டேப் இடைவெளி வேண்டுமென்றால் கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு டேப் அடிக்க வேண்டும்.

ஏற்கெனவே காற்புள்ளியோ டேபோ விட்டு அடித்து வைத்த பட்டியல் இருந்தால் மறுபடி அடிக்க வேண்டாம். அதைத் தேர்ந்தெடுத்து, 'டேபிள்' பட்டனின் கீழே உள்ள 'கன்வர்ட் டெக்ஸ்ட் டு டேபிள்' கட்டளையைக் கொடுத்து, எந்தக் குறியில் பிரிக்க வேண்டும் என்று சொன்னால் போதும். நெடுவரிசைகளின் எண்ணிக்கையை வேர்டு தானே கணக்கிட்டுக் காட்டும். நீங்கள் எதிர்பார்த்தது 4 ஆக இருந்து அது 5 என்று காட்டினால், ஏதோ ஒரு வரியில் காற்புள்ளி ஒன்று கூடுதலாக இருக்கிறது. மாற்றுவதற்கு முன்பே அதைத் திருத்திவிடுங்கள்.

அகலம்: யார் கையில் இருக்கிறது என்று முடிவு செய்யுங்கள்

நெடுவரிசை அகலம் தானாக மாறிக்கொண்டே இருப்பதற்குக் காரணம், வேர்டு அட்டவணைகள் இயல்பாகவே உள்ளடக்கத்துக்கு ஏற்ப நெளிந்து கொடுக்கும்படி அமைந்திருப்பதுதான். நீளமான சொல் ஒன்றை அடித்தால் அந்த நெடுவரிசை விரிந்து, மற்றவற்றை நெருக்கும். தமிழில் இது கூடுதலாகவே நடக்கும், நம் சொற்கள் விகுதிகளைச் சேர்த்துக்கொண்டு நீள்கின்றன அல்லவா.

அட்டவணைக்குள் சொடுக்கினால் மேலே 'டேபிள் டிசைன்' தாவலின் பக்கத்தில் தோன்றும் 'லேஅவுட்' தாவலில், 'ஆட்டோஃபிட்' பட்டனின் கீழே மூன்று தேர்வுகள் உண்டு. 'கன்டென்ட்ஸ்' என்றால் எழுத்தின் நீளத்துக்கு ஏற்ப நெடுவரிசை சுருங்கி விரியும். 'விண்டோ' என்றால் பக்கத்தின் இரு ஓரங்களுக்கும் இடையே அட்டவணை முழுதாக நிரம்பும். 'ஃபிக்ஸ்டு காலம் விட்த்' என்றால் நீங்கள் வைத்த அகலம் வைத்தபடி நிற்கும். அறிக்கை, பட்டியல், விண்ணப்பம் என்று அச்சுக்குப் போகும் எதற்கும் மூன்றாவதுதான் சரி. முதலில் 'விண்டோ' கொடுத்து அட்டவணையைப் பக்கத்துக்குள் அடக்கிவிட்டு, பிறகு 'ஃபிக்ஸ்டு' கொடுத்துப் பூட்டுவது நல்ல வரிசைமுறை. 'டேபிள் ப்ராப்பர்ட்டீஸ்' பெட்டியில் 'ஆப்ஷன்ஸ்' பட்டனுக்குள் இருக்கும் 'ஆட்டோமேட்டிக்கலி ரீசைஸ் டு ஃபிட் கன்டென்ட்ஸ்' என்ற டிக் குறியை எடுப்பதும் இதே பூட்டைத்தான் போடுகிறது.

பூட்டிய பின் அகலங்களைக் கணக்குப் போட்டே கொடுக்கலாம். ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ. இரு பக்கமும் 2.54 செ.மீ. ஓரம் போனால் மிஞ்சுவது 15.92 செ.மீ. வரிசை எண், பொருள், அளவு, தொகை என்று நான்கு நெடுவரிசைகள் என்று வைத்துக்கொள்வோம். வரிசை எண்ணுக்கு 1.2, பொருளுக்கு 8, அளவுக்கு 3, தொகைக்கு 3.72. கூட்டினால் சரியாக 15.92. நெடுவரிசையின் மேல்கோட்டுக்கு மவுஸைக் கொண்டுபோனால் கீழ்நோக்கிய கருப்பு அம்பு வரும். அங்கே சொடுக்கினால் அந்த நெடுவரிசை முழுதும் தேர்வாகும். பிறகு 'லேஅவுட்' தாவலின் அகலப் பெட்டியில் எண்ணை அடித்து என்டர் தட்டினால் ஆயிற்று.

மவுஸால் கோட்டை இழுத்துச் சரிசெய்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஏதாவது ஒரு கட்டம் மட்டும் தேர்வாகியிருக்கும்போது கோட்டை இழுத்தால் அந்த ஒரு கட்டத்தின் கோடு மட்டும் நகரும். நேராக நின்ற கோடு அந்த இடத்தில் பல்லிளிக்கும். உடனே கன்ட்ரோல் இசட் போட்டு, வெளியே ஒருமுறை சொடுக்கித் தேர்வை நீக்கிவிட்டு மறுபடி இழுங்கள். சும்மா இழுத்தால் கோட்டுக்கு இரு பக்கமும் உள்ள நெடுவரிசைகள் மாறும், மொத்த அகலம் மாறாது. ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு இழுத்தால் இடது பக்கத்து நெடுவரிசை மட்டும் மாறி, மற்றவை அப்படியே நகர்ந்துபோகும், மொத்த அகலமும் மாறும். ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு இழுத்தால் மேலே உள்ள அளவுகோலில் ஒவ்வொரு நெடுவரிசையின் அளவும் எண்ணாகத் தெரியும்.

வேர்டுக்கு மாற்றாகப் பயன்படும் இலவச மென்பொருளான லிப்ரெஆபிஸ் ரைட்டரில் வேறு ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. அட்டவணை ஒழுங்கு 'ஆட்டோமேட்டிக்' என்று இருக்கும்வரை அகலப் பெட்டி மங்கலாகவே கிடக்கும், எண்ணை அடிக்க விடாது. 'டேபிள் ப்ராப்பர்ட்டீஸ்' போய் ஒழுங்கை 'லெஃப்ட்' அல்லது 'சென்டர்' என்று மாற்றினால் பெட்டி உயிர் பெறும்.

உயரம், நடு, அந்த விடாப்பிடியான இடைவெளி

வரிசை உயரத்தில் இரண்டு வகை உண்டு. 'அட் லீஸ்ட்' என்றால் குறைந்தது இவ்வளவு, எழுத்து கூடினால் வரிசையும் உயரும். 'எக்ஸாக்ட்லி' என்றால் இவ்வளவுதான், ஒரு துளி கூடாது. இரண்டாவதில் எழுத்து மிஞ்சினால் அது கட்டத்துக்குள்ளேயே மறைந்துவிடும். திரையிலும் தெரியாது, அச்சிலும் வராது, எச்சரிக்கையும் கிடையாது. ஒரு முகவரியின் கடைசி வரி காணாமல் போவதெல்லாம் இப்படித்தான். உள்ளே எழுத எதுவுமில்லாத வெற்றுப் படிவங்களைத் தவிர மற்ற எதற்கும் 'எக்ஸாக்ட்லி' வேண்டாம்.

அடுத்தது, அதிகம் பேரைக் குழப்பும் விஷயம். எழுத்தைக் கட்டத்தின் நடுவில் நிறுத்த 'லேஅவுட்' தாவலில் ஒன்பது சிறு பட்டன்கள் உள்ளன. நட்டநடுவில் உள்ளதை அழுத்திய பிறகும் எழுத்து சற்று மேலே தூக்கிக்கொண்டு நிற்கும், கீழே இடைவெளி கூடுதலாகத் தெரியும். பட்டன் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. அது நடுவில் நிறுத்துவது பத்தியை. பத்திக்குப் பின்னால் 8 அல்லது 10 பாயின்ட் இடைவெளி இருந்தால் அதுவும் பத்தியின் பகுதியாகக் கணக்கில் சேரும். எழுத்தும் அதன் கீழுள்ள வெற்றிடமும் சேர்ந்துதான் நடுவில் நிற்கின்றன. அட்டவணை முழுவதையும் தேர்ந்தெடுத்து, 'பாராகிராஃப்' பெட்டியில் 'பிஃபோர்', 'ஆஃப்டர்' இரண்டையும் 0 ஆக்கி, வரி இடைவெளியை 'சிங்கிள்' ஆக்குங்கள். எழுத்து நடுவுக்கு வந்துவிடும்.

இடைவெளியை எடுத்த பின் கட்டம் நெருக்கமாகத் தெரிந்தால் மறுபடி பத்திக்குப் போகாதீர்கள். அது கட்டத்தின் ஓரம் செய்ய வேண்டிய வேலை. வேர்டு இயல்பாக இடதிலும் வலதிலும் 0.19 செ.மீ. ஓரம் விடுகிறது, மேலும் கீழும் 0. 'லேஅவுட்' தாவலில் 'செல் மார்ஜின்ஸ்' திறந்து மேலும் கீழும் 0.1 செ.மீ. கொடுத்துப் பாருங்கள். கோட்டில் ஒட்டிக்கொண்டிருந்த எழுத்துகள் மூச்சு விடத் தொடங்கும். அட்டவணையின் தோற்றத்தை இவ்வளவு மலிவாக மாற்றும் அமைப்பு வேறில்லை. ஏனோ அதிகம் பேர் அந்தப் பெட்டியைத் திறப்பதே இல்லை.

தமிழில் அடிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பத்தியின் வரி இடைவெளியிலும் 'எக்ஸாக்ட்லி' என்று ஒரு தேர்வு இருக்கிறது. ஆங்கில எழுத்துக்குப் பொருந்தும் அளவை அதில் கொடுத்தால் 'கீ', 'மீ' போன்றவற்றின் மேல் சுழியும் 'கூ', 'ழு' போன்றவற்றின் கீழ் வளைவும் வெட்டுப்படலாம். 'சிங்கிள்' என்றே விட்டுவிட்டால் எழுத்துருவே தனக்கு வேண்டிய உயரத்தை எடுத்துக்கொள்ளும்.

எண்கள்

எழுத்து இடப்பக்கம், எண் வலப்பக்கம். தசம இடங்கள் எல்லா எண்ணிலும் ஒரே அளவில் இருந்தால் வலப்பக்க ஒழுங்கே போதும், ஒன்றின் கீழ் ஒன்றாகப் புள்ளிகள் தாமே அமைந்துவிடும். 12.5, 7.25, 103 என்று கலந்து வந்தால் தசம டேப் வேண்டும். அளவுகோலின் இடது மூலையில் உள்ள சிறு குறியைச் சொடுக்கிக்கொண்டே போனால், தலைகீழான டி எழுத்தின் அருகில் புள்ளி வைத்த குறி வரும். நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அளவுகோலில் புள்ளிகள் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு சொடுக்கு. கட்டத்துக்குள் டேப் விசையை அடிக்கத் தேவையே இல்லை, எண்கள் தாமே அணிவகுத்துவிடும். பத்தி ஒழுங்கு 'லெஃப்ட்' ஆக இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. வலப்பக்க ஒழுங்கோடு தசம டேப் வைத்துவிட்டு வேலை செய்யவில்லை என்று தவிப்பவர்கள் நிறைய. எண்களை நடு ஒழுங்கில் வைக்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள், 95க்கும் 1,950க்கும் உள்ள வித்தியாசம் கண்ணில் படாது.

வேர்டு கூட்டலும் போடும். தொகை நெடுவரிசையின் அடியில் உள்ள கட்டத்தில் நின்று 'லேஅவுட்' தாவலில் 'ஃபார்முலா' அழுத்தினால், மேலே உள்ளவற்றைக் கூட்டும் சூத்திரத்தை அதுவே எழுதிக் காட்டும். ஆனால் இது எக்செல் போன்ற விரிதாள் அல்ல. மேலே ஒரு எண்ணை மாற்றினால் கீழே கூட்டல் தானாக மாறாது. விடையைத் தேர்ந்தெடுத்து எஃப்9 அழுத்த வேண்டும். நடுவில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் கூட்டல் பிசகலாம், அங்கே 0 போட்டு வையுங்கள். நெடுவரிசைத் தலைப்பே 2024 போன்ற எண்ணாக இருந்தால் அதையும் சேர்த்துக் கூட்டிவிடும் அபாயம் உண்டு. ஒரு முறை கையால் சரிபார்க்காமல் அனுப்பாதீர்கள். கணக்கு பெரிது என்றால் விரிதாளில் முடித்துவிட்டு விடையை மட்டும் கொண்டுவருவது உத்தமம்.

கோடுகளும் நிறமும்

திரையில் தெரியும் மெல்லிய விட்டுவிட்டு வரும் கோடுகள் வேறு, அச்சாகும் கோடுகள் வேறு. முன்னது 'கிரிட்லைன்ஸ்', எழுதும்போது வழிகாட்ட மட்டும். பின்னது 'பார்டர்ஸ்'. திரையில் கோடு இருந்தும் தாளில் வரவில்லை என்றால் நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தது முதல் வகையை.

எல்லாக் கட்டத்துக்கும் நான்கு பக்கமும் கோடு வேண்டும் என்று சட்டமில்லை. தலைப்பின் மேலும் கீழும் ஒவ்வொன்று, கடைசி வரிசைக்குக் கீழே ஒன்று, குறுக்குக் கோடுகள் மட்டும் வைத்த அட்டவணை படிக்கச் சுகமாக இருக்கும். நெடுங்கோடுகள் செய்யும் வேலையை நெடுவரிசைகளுக்கு இடையே உள்ள வெற்றிடமே செய்துவிடும்.

நிறத்துக்கு 'டேபிள் டிசைன்' தாவலில் தயாராக உள்ள பாணிகளைப் பயன்படுத்துங்கள். இடது ஓரத்தில் 'ஹெடர் ரோ', 'டோட்டல் ரோ', 'பேண்டட் ரோஸ்' என்று டிக் பெட்டிகள் இருக்கும். ஒன்றுவிட்டு ஒன்று நிறமடிக்கும் 'பேண்டட் ரோஸ்' இருந்தால், நடுவில் ஒரு வரிசையைச் சேர்த்தாலும் நீக்கினாலும் நிற அடுக்கு தானே சரியாகிக்கொள்ளும். கையால் நிறமடித்தவர் ஒவ்வொரு முறையும் கீழே உள்ள எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். பாணியை முதலில் கொடுத்துவிட்டுக் கைத்திருத்தங்களைப் பிறகு செய்யுங்கள். கையால் போட்டது பாணியை மீறி நிற்கும், அதனால் பிறகு பாணியை மாற்றினாலும் அந்த இடங்கள் மட்டும் பழைய கோலத்தில் தங்கிவிடும்.

பக்கம் தாண்டும்போது

நாற்பது வரிசை உள்ள பட்டியல் இரண்டாம் பக்கத்துக்குப் போனால், எந்த நெடுவரிசை எது என்று தெரியத் தலைப்பு அங்கேயும் வர வேண்டும். இரண்டாம் பக்கத்தில் கையால் தலைப்பை அடித்து வைப்பது மோசமான வழி. மேலே இரண்டு வரிசை சேர்ந்தாலே அது பக்கத்தின் நடுவில் வந்து நின்று மானத்தை வாங்கும். தலைப்பு வரிசையில் நின்று 'லேஅவுட்' தாவலில் 'ரிப்பீட் ஹெடர் ரோஸ்' அழுத்துங்கள். தலைப்பு இரண்டு வரிசையாக இருந்தால் இரண்டையும் சேர்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும், தேர்வில் முதல் வரிசை கட்டாயம் இருக்க வேண்டும். திருத்தம் முதல் பக்கத் தலைப்பில் மட்டுமே செய்ய முடியும், மற்றவை அதன் நிழல்கள். பார்வையற்றோருக்குத் திரையைப் படித்துக் காட்டும் திரைவாசிப்பு மென்பொருள்களும் எது தலைப்பு என்று இந்த அமைப்பை வைத்தே அறிகின்றன, எனவே ஒரே பக்க அட்டவணையிலும் இதைப் போட்டு வைப்பது நல்லது.

போட்டும் தலைப்பு வரவில்லையா? இரண்டு இடங்களைப் பாருங்கள். 'டேபிள் ப்ராப்பர்ட்டீஸ்' பெட்டியின் முதல் தாவலில் 'டெக்ஸ்ட் ராப்பிங்' என்பது 'அரவுண்ட்' ஆக இருந்தால் தலைப்பு திரும்ப வராது, 'நன்' ஆக்குங்கள். அட்டவணையை மவுஸால் பிடித்து நகர்த்தினாலே சில சமயம் அது 'அரவுண்ட்' ஆகிவிடும், நமக்குத் தெரியவே தெரியாது. இரண்டாவது, யாராவது அட்டவணை நடுவே கன்ட்ரோல் என்டர் தட்டிப் பக்கத்தை முறித்திருக்கலாம். அப்படி முறித்தால் அட்டவணையே இரண்டாகிவிடும், கீழே உள்ளது தலைப்பில்லாத தனி அட்டவணை.

ஒரே வரிசையின் பாதி இந்தப் பக்கமும் மீதி அடுத்த பக்கமுமாகப் போவதைத் தடுக்க, 'ரோ' தாவலில் 'அலோ ரோ டு பிரேக் அக்ராஸ் பேஜஸ்' டிக்கை எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு வரிசையும் அரைப்பக்கத்துக்கு எழுத்து கொண்டிருந்தால் மட்டும் எடுக்காதீர்கள், பக்கத்தின் அடியில் பெரிய வெற்றிடம் விழும். சிறிய அட்டவணை முழுவதும் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டுமானால், கடைசி வரிசையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, 'பாராகிராஃப்' பெட்டியின் 'லைன் அண்டு பேஜ் பிரேக்ஸ்' தாவலில் 'கீப் வித் நெக்ஸ்ட்' கொடுக்க வேண்டும். பக்க விஷயம் ஒன்று பத்தியின் பெட்டியில் ஒளிந்துகொண்டிருப்பது விசித்திரம்தான்.

ரைட்டரில் இவை அனைத்தும் 'டேபிள் ப்ராப்பர்ட்டீஸ்' பெட்டியின் 'டெக்ஸ்ட் ஃப்ளோ' தாவலில் ஒன்றாகக் கிடைக்கும். கூகுள் டாக்ஸில் தலைப்பு வரிசையைப் 'பின்' செய்ய வேண்டும். வலது சொடுக்கிலேயே அந்தக் கட்டளை இருக்கிறது.

கட்டங்களை இணைப்பது பற்றி

'மெர்ஜ் செல்ஸ்' கையில் கிடைத்ததும் எங்கும் போடத் தோன்றும். மேல் தலைப்பில் இரண்டு நெடுவரிசைகளைச் சேர்த்து ஒரு பொதுத் தலைப்பு வைப்பது வரை சரி. உடம்புப் பகுதியில் இணைத்தால் அகரவரிசைப்படுத்த முடியாமல் போகும், நெடுவரிசையை முழுதாகத் தேர்ந்தெடுப்பது சிக்கலாகும், அகலம் மாற்றும்போது கோடுகள் தாறுமாறாகும். ஒரே சொல் நான்கு வரிசைகளில் திரும்ப வருகிறது என்றால், இணைப்பதைவிட அந்தக் கட்டங்களுக்கு இடையே உள்ள கோட்டை மட்டும் எடுத்துவிடுவது மேல். பார்வைக்கு இணைத்தது போலவே இருக்கும், உள்ளே கட்டங்கள் முழுதாக இருக்கும். இணைப்பதாக இருந்தாலும் எல்லாத் திருத்தமும் முடிந்த பிறகு, கடைசி வேலையாகச் செய்யுங்கள்.

நீக்கினாலும் போகாதது

அட்டவணையைத் தேர்ந்தெடுத்து டெலீட் அடித்தால் எழுத்துகள் மட்டும் அழியும், கட்டங்கள் அப்படியே நிற்கும். அட்டவணையே போக வேண்டுமானால் பேக்ஸ்பேஸ். ஆவணத்தின் தொடக்கத்திலேயே அட்டவணை உட்கார்ந்திருந்து, அதற்கு மேலே ஒரு வரி எழுத இடமில்லாவிட்டால், முதல் கட்டத்தில் முதல் எழுத்துக்கு முன்னால் நின்று என்டர் தட்டுங்கள், மேலே ஒரு வரி பிறக்கும்.

வெற்றுத்தாள் வருவதன் காரணம் இன்னொரு முனையில் இருக்கிறது. வேர்டு ஆவணம் அட்டவணையோடு முடிய முடியாது, அதன் கீழே ஒரு பத்தியாவது இருந்தே தீர வேண்டும். அட்டவணை பக்கத்தின் அடிவரை நிரம்பிவிட்டால் அந்தப் பத்தி அடுத்த பக்கத்துக்குத் தள்ளப்படும். எத்தனை முறை டெலீட் அடித்தாலும் அது போகாது. மறைகுறிகளைக் காட்டச் சொல்லி, அந்தப் பத்திக்குறியைத் தேர்ந்தெடுத்து, எழுத்தளவைப் பெட்டியில் 1 என்று அடியுங்கள். பிறகு முன்பின் இடைவெளியை 0, வரி இடைவெளியை 'சிங்கிள்' ஆக்குங்கள். பத்தி முந்தைய பக்கத்தின் விளிம்பிலேயே ஒடுங்கிக்கொள்ளும். அதற்கும் அடங்கவில்லை என்றால் பக்கத்தின் கீழ் ஓரத்தை ஓரிரு மில்லிமீட்டர் குறைத்தால் போதும்.